கைமேரா: ஒட்டுப்போட்ட மீனா?

கேள்வி
12 செப்டெம்பர் 2025, மாலை 6.10

நெற்றியில் பல் முளைத்த மீன் என்று இந்த மாதம் செய்திகளில் வந்தது. தமிழில் பேய்ச்சுறா என்று போட்டிருந்தார்கள். இனத்தின் பெயர் கைமேரா. கிரேக்கப் புராணத்தில் சிங்கமும் ஆடும் பாம்பும் ஒன்றாகச் சேர்ந்த மிருகத்துக்கும் அதே பெயர். இந்த மீனுக்கு முயலின் பல், எலியின் வால், இப்போது நெற்றியிலும் பல். சுறாவுக்கும் சாதாரண மீனுக்கும் நடுவில் இயற்கை ஒட்டுப்போட்டுப் பார்த்த ஒன்று இது, பெயரைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. கடலோடு பழகிய அண்ணைமார் யாராவது இதை நேரில் கண்டதுண்டா?

12 செப்டெம்பர், இரவு 10.45

கண்டிருக்கிறேன் தம்பி. கையில் தூக்கியும் இருக்கிறேன், குத்தும் வாங்கியிருக்கிறேன்.

1991 பனிக்காலம். நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இருநூறு பாகம் ஆழத்துக்கு நெடுந்தூண்டில் இறக்கும் படகுகள் லாங்கே, புறொஸ்மே என்று இங்கே சொல்லும் மீன்களைக் கொண்டுவந்து இறக்கும். வகை பிரித்துப் பெட்டி மாற்றுவது என் வேலை. ஒரு பெட்டியில் ஐஸுக்குள் இது கிடந்தது.

ஒரு கை நீளத்துக்கு உடல். அதற்குப் பிறகு வால் சவுக்கு மாதிரி ஒடுங்கி ஒடுங்கிக் கடைசியில் நூலாகவே முடிந்தது. செதில் இல்லை. தோல் நனைந்த பட்டுப் போல வழுக்கியது. வெள்ளியும் மண்ணிறமும் கலந்து படர்ந்திருந்தது. கண் பெரிது, பச்சை. செத்த பிறகும் மேலே இருந்த விளக்கைத் திருப்பி எறிந்தது. முகம் முழுக்க வளைந்து வளைந்து கோடுகள், ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டது போல. நெற்றியில், கண்களுக்குச் சற்று முன்னால், ஒரு சின்னக் கொளுக்கி.

தூண்டில் முள் தவறி நெற்றியில் ஏறிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். மெசினுக்குள் இரும்பு போனால் அலகு போய்விடும், கழற்றியே ஆக வேண்டும். வலது கையுறையைக் கழற்றிவிட்டு, இடது கையால் முதுகை அமத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். வரவில்லை. அது இரும்பில்லை, சதை. உருண்டையான அதன் நுனி அரம் மாதிரி விரலில் உரஞ்சியது. இன்னும் ஒருக்கால் இழுத்தபோது முதுகுத் துடுப்புக்கு முன்னால் நின்ற முள் கையுறையைத் துளைத்துக்கொண்டு இடது பெருவிரலில் ஏறியது.

அந்த முள்ளில் நஞ்சு. ஆளைக் கொல்லாது, ஆனால் அன்று முழங்கை வரை ஓடிய கடுப்பை இப்போதும் என்னால் சொல்ல முடியும். கூட வேலை செய்த வயதான நோர்வேக்காரர் ஓடிவந்து பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்து விரலை அதற்குள் அமிழ்த்தினார். பிறகு அந்த மீனைத் தூக்கி வாயைத் திறந்து காட்டினார். பல் வரிசை இல்லை. முயலின் முன்பல் போல வெளியே நீட்டிக்கொண்டு தகடுகள். "ஹாவ்மூஸ்" என்றார். கடலெலி.

ஆகவே நான் உங்கள் பக்கம். ஒட்டுப்போட்ட மீன் என்றுதான் 34 வருடமாக நினைத்திருக்கிறேன்.

13 செப்டெம்பர், காலை 7.20

நான் பிடித்து இழுத்தது ஆண் மீனை. நெற்றிக் கொளுக்கி வளர்ந்த ஆணுக்கு மட்டுந்தான் இருக்கும். பெண்ணோடு சேரும்போது அவளுடைய மார்புத் துடுப்பைக் கவ்விப் பிடிக்க அது உதவுகிறது. மற்ற நேரம் மடிந்து நெற்றிப் பள்ளத்துக்குள் போய்விடும். இந்த மாதச் செய்தி அதைப் பற்றியதுதான். அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடலில் நிறையக் கிடைக்கும் புள்ளிக் கைமேராவை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். சுறாவின் தோலில் இருக்கிற பற்செதில் போன்றதொன்றுதான் அந்தக் கொளுக்கியிலும் இருக்கிறது என்ற எண்ணம் முன்பு இருந்தது. வெட்டிப் பார்த்தால், வாய்க்குள் பல் முளைப்பதற்கென்றே உள்ள திசுப்பட்டை நெற்றியிலும் இருக்கிறது. பல்லை உண்டாக்கும் மரபணுக்கள் அங்கே வேலை செய்கின்றன. ஆக, உண்மையான பல். பெண்ணுக்கும் சிறு வயதில் அந்த இடத்தில் ஒரு மொட்டு தொடங்கிப் பிறகு அடங்கிவிடுகிறது.

என் விரலில் உரஞ்சியது பல் என்று தெரிய வந்திருப்பது இப்போதுதான். இதை எழுதும்போது வலது சுட்டுவிரலை ஒருக்கால் பார்த்துக்கொண்டேன்.

13 செப்டெம்பர், இரவு 9.30

"சுறாவுக்கும் சாதாரண மீனுக்கும் நடுவில்" என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை. நடுவில் இல்லை, பக்கத்தில்.

எலும்பில்லாமல் குருத்தெலும்பாலேயே உடம்பு கட்டியவை என்ற வகையில் சுறா, திருக்கை, கைமேரா மூன்றும் ஒரே வளவு ஆட்கள். ஆனால் கைமேராவின் வழி சுறாவும் திருக்கையும் போன வழியிலிருந்து ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. ஒற்றுமையை விட வேற்றுமைதான் கண்ணில் படும். சுறாவுக்குப் பூப்பிளவு, அதாவது செவுள் பிளவு, ஐந்து முதல் ஏழு வரை வரிசையாகத் தெரியும். இதற்குப் பக்கத்துக்கு ஒன்று, மேலே ஒரு தோல்மூடி. சுறாவின் மேல்தாடை மண்டையிலிருந்து விலகி முன்னே வரும். இதன் மேல்தாடை மண்டையோடு ஒட்டியே போய்விட்டது. சுறாவுக்குப் பல் விழுந்து விழுந்து முளைக்கும். இதற்கு மேலே இரண்டு சோடி, கீழே ஒரு சோடித் தகடு, ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், நண்டும் சிப்பியும் அரைப்பதற்கு. நீந்துவது வாலை அடித்து அல்ல, மார்புத் துடுப்பைச் சிறகு மாதிரி அடித்து.

இரைப்பையும் கிடையாது. தொண்டைக்குழாய் நேரே குடலுக்குப் போகிறது. அமிலம் சுரக்கத் தேவையான மரபணுக்களே தொலைந்துவிட்டன. நண்டையும் சிப்பியையும் ஓட்டோடு அரைத்து விழுங்குகிற ஓர் உயிருக்கு இரைப்பை இல்லை என்பதை நான் இரண்டு தரம் வாசித்துத்தான் நம்பினேன்.

14 செப்டெம்பர், மதியம் 1.05

முகத்தில் தையல் என்று எழுதினேனே, அதுவும் தையல் இல்லை. நீர் அசைவதை உணரும் கால்வாய்கள். பெரும்பாலான மீன்களில் அவை தோலுக்குள் மூடிக் கிடக்கும், இதில் திறந்த வாய்க்காலாக மேலேயே ஓடுகின்றன. பக்கத்தில் ஊசித்துளை போலக் குழிகள். இரையின் உடம்பிலிருந்து வரும் மின்சாரத்தைப் பிடிக்க. இருட்டில் வாழ்கிற ஆளுக்குக் கண்ணை விட இந்த முகந்தான் துணை.

18 செப்டெம்பர், இரவு 11.15

பெயர்களைப் பற்றி.

நோர்வேயிலும் சுவீடனிலும் கடலெலி. ஜெர்மன்காரருக்குக் கடற்பூனை. ஒரு கரையில் எலி, அடுத்த கரையில் பூனை! ஆங்கிலத்தில் எலிமீன், முயல்மீன், பேய்ச்சுறா மூன்றும் உண்டு. புள்ளிக் கைமேராவின் பேரினப் பெயர் ஹைட்ரோலாகஸ், கிரேக்கத்தில் நீர்முயல். ஜப்பானில் கின்சமே, வெள்ளிச்சுறா. நியூசிலாந்தில் கரைக்கு வந்து முட்டையிடும் ஒரு வகைக்கு மூக்கு தும்பிக்கை மாதிரி வளைந்து தொங்கும். அதை ஆனைமீன் என்று பொரித்துச் சாப்பிடுகிறார்கள்.

எங்கள் ஆட்களும் இப்படித்தான். கடற்குதிரை, கடற்பசு, கடற்பன்றி, கிளிமீன், ஆனைத்திருக்கை. தரையில் கண்டதை வைத்துத்தான் கடலுக்குப் பெயர். அதில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. இருட்டில் வலை இழுக்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனிடம் ஒரு சொல்லில் சொல்ல வேண்டும்.

19 செப்டெம்பர், மாலை 5.40

அன்று என் விரலை வெந்நீரில் வைத்த பெரியவருக்கு இன்று தொலைபேசி எடுத்தேன். 80 தாண்டிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கடலெலியின் ஈரல் பெரிது, ஈரல் எண்ணெயைத் துப்பாக்கிக்கும் நுண்ணிய கருவிகளுக்கும் போடுவார்கள் என்று அவர் சொன்னார். புத்தகங்களிலும் அதே கதை இருக்கிறது. "மீனை எறிந்துவிட்டு ஈரலை வைத்துக்கொள்வோம்" என்றார். நான் கேட்காமலே என் விரலைப் பற்றியும் விசாரித்தார்.

21 செப்டெம்பர், இரவு 10.00

கைமேரா என்று முதலில் எழுதிவைத்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1758இல், உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் கொடுத்த நூலின் பத்தாம் பதிப்பில், நான் தூக்கிய அதே இனத்துக்கு கைமேரா மொன்ஸ்ட்ரோசா என்று வைத்தார். அரக்கத்தனமான கைமேரா. மீன்களோடு சேர்க்கவும் இல்லை; சுறா, திருக்கையோடு சேர்த்து "நீந்தும் ஈரூடக உயிர்கள்" என்ற பகுதியில் போட்டார்.

இந்த மனிதரைப் பற்றி ஒரு பழைய கதை இருக்கிறது, இந்த இழைக்கு அது கட்டாயம் வேண்டும். 1735இல், இருபத்தேழு வயதில், ஹம்பர்க் நகரத்துக்குப் போகிறார். அங்கே ஏழு தலை ஹைட்ரா, கிரேக்கப் புராணத்துப் பாம்பு, என்று ஒன்றைப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரின் கடைசியில் பிராக் தேவாலயம் ஒன்றிலிருந்து கொள்ளையாக வந்தது என்று சொல்லப்பட்ட பொருள். பெரும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். லின்னேயஸ் கிட்டப் போய்ப் பார்த்தார். தாடைகளும் கால்களும் மரநாய் இனத்துச் சிறு பிராணி ஒன்றினுடையவை, மேலே பாம்புத்தோல் ஒட்டியிருந்தது. ஒளிக்காமல் சொல்லிவிட்டார். விலை விழுந்தது. உரிமையாளர்களின் கோபத்துக்குப் பயந்து கெதியிலேயே ஊரை விட்டு வெளியேறினார்.

பழைய கிரேக்கப் புலவர் ஹெசியட்டின் பாட்டில் ஹைட்ராவும் கைமேராவும் ஒரே குடும்பம். ஒட்டுப்போட்ட பொய் ஹைட்ராவை ஒரு பார்வையில் கண்டுபிடித்த கண்கள், 23 ஆண்டு கழித்து ஓர் உண்மையான மீனுக்கு ஒட்டுப்போட்ட மிருகத்தின் பெயரை வைத்தன. எனக்கு இது விளங்கவே இல்லை என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போது விளங்குகிறது: கத்தி வைத்துத் தேடியும் ஒட்டு கிடைக்காத முதல் கைமேரா இதுதான். அந்த வியப்பில் வைத்த பெயராக இருந்திருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

27 செப்டெம்பர், இரவு 11.50

இனி அந்தப் புராண மிருகம். மீனோடு குழம்பாமல் இருக்க அதைக் கிரேக்க உச்சரிப்பில் கிமைரா என்று எழுதுகிறேன்.

ஹோமரின் இலியட்டில், ஆறாம் பாகத்தில், போர்க்களத்தின் நடுவே கிளௌக்கஸ் என்பவன் எதிரியிடம் தன் வம்சக் கதை சொல்லுகிறான். பாட்டன் பெல்லரோஃபோன். அவனைக் கொல்வதற்கென்றே லிசியா நாட்டு அரசன் அனுப்பிய முதல் வேலை கிமைராவை அழிப்பது. முன்னே சிங்கம், பின்னே பாம்பு, நடுவே ஆடு, மூச்சு முழுக்க எரிநெருப்பு. இறக்கைக் குதிரை பெகாசஸில் ஏறிப்போய்க் கொல்லுகிறான்.

மூன்றில் மிருகத்துக்குப் பெயர் கொடுத்தது சிங்கமும் இல்லை, பாம்பும் இல்லை. ஆடு. கிமைரா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பெண்ணாடு என்றுதான் பொருள். பனிக்காலத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவு: ஒரு பனிக்காலம் கண்ட இளம் ஆடு. எங்கள் ஊர்ப்பக்கம் செம்மறி வளர்க்கிற நோர்வேக்காரர் குட்டி போடாத இளம் பெண்ணாட்டை யிம்மெர் என்பார்கள். அதுவும் இதே வேர். முப்பது வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் கேட்ட சொல், அரக்கியின் பெயருக்குத் தங்கை.

2014இல் குடும்பமாகத் துருக்கியின் அந்தல்யாப் பக்கம் போயிருந்தோம். சிராலி என்ற கடற்கரை ஊருக்கு மேலே யானார்தாஷ் இருக்கிறது. எரியும் கல் என்று பொருள். பழைய லிசியா நாடு அதுதான். இருட்டின பிறகு கைவிளக்கோடு கல்படியில் ஏறினோம். மரங்கள் முடிந்து மொட்டைப் பாறைச் சரிவு. அதில் வெடிப்பு வெடிப்பாக நெருப்பு. விறகு இல்லை, கரி இல்லை, பாறையே எரிகிற மாதிரி. முழங்கால் உயரம் கூட இல்லாத சுவாலைகள்தான், ஆனால் காற்றடிக்கும்போது சரிந்து படுத்து, நின்றதும் எழும்பி நிற்கும். மனைவி கிட்டப் போய்ச் செருப்பால் ஒன்றின் மேலே மண் தள்ளினாள். அணைந்தது. பக்கத்தில் நின்றவர் தீக்குச்சி காட்ட மறுபடி பற்றியது. கீழே நெருப்புக் கடவுள் ஹெபைஸ்டஸின் கோவில் இடிந்து கிடக்கிறது.

மண்ணுக்குள் பாறையும் நீரும் சேர்ந்து உண்டாக்கும் மீத்தேன் கசிந்து வருவதுதான் அது. ரோமாபுரியின் பிளினி 1,900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார்: ஃபாசெலிஸ் ஊரில் கிமைரா மலை இரவும் பகலும் எரிகிறது, தண்ணீர் ஊற்றினால் பற்றும், மண் போட்டால் அணையும் என்று பழையவர் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று. மனைவி செருப்பால் செய்ததை வாசித்தது போல இருந்தது.

ரோமக் கவிஞர் வெர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியஸ் இன்னும் ஒரு படி போகிறார். கிமைரா மிருகமே இல்லை, மலை. உச்சியில் நெருப்பு, அதன் அருகே சிங்கங்கள். நடுச்சரிவில் புல், அங்கே ஆடுகள். அடிவாரத்தில் பாம்புகள். கீழேயிருந்து மேலே ஏறுகிறவனுக்கு மலை பாம்பாகத் தொடங்கி ஆடாகிச் சிங்கமாகி நெருப்பாக முடிகிறது. இந்த விளக்கம் சரியோ பிழையோ, அந்தச் சரிவில் இருட்டில் நின்ற எனக்கு அது பொருந்தித்தான் இருந்தது.

28 செப்டெம்பர், காலை 9.10

திருத்தம். நேற்று இரவு தூக்கக் கலக்கத்தில் ஹோமரின் வாயில் பெகாசஸைப் போட்டுவிட்டேன். இலியட்டின் அந்த இடத்தில் குதிரை இல்லை. தேவர்கள் காட்டிய குறிகளை நம்பிப் போனான் என்று மட்டுந்தான். குதிரையைச் சேர்த்துச் சொல்வது ஹெசியட். இந்த மிருகத்துக்கு மூன்று தலை என்று எண்ணிச் சொல்வதும் அவர்தான். பிழை என்னுடையது.

28 செப்டெம்பர், மாலை 4.30

"அப்படியென்றால் அந்தப் புகழ்பெற்ற வெண்கலச் சிலை?" என்று தனிமடலில் கேட்டிருந்தார் ஒருவர். இத்தாலியின் அரெட்ஸோ ஊரில் 1553இல் மண்ணிலிருந்து எடுத்த கிமைராச் சிலை அது. இத்தாலியின் பழங்குடிகளான எட்ரஸ்கர் வார்த்தது, ஏறத்தாழ 2,400 வருடப் பழமை, இப்போது புளோரன்சில். சிங்கத்தின் முதுகிலிருந்து ஆட்டுத்தலை முளைத்திருக்கும். அந்த ஆட்டின் கழுத்தில் காயம், இரத்தத் துளிகளையும் வார்த்திருக்கிறார்கள். பாம்பு வால் திரும்பி ஆட்டின் கொம்பைக் கடிக்கும். அந்த வால் பழைய சிலையில் இருந்தபடி வந்ததல்ல, 1785இல் பொருத்தியது. தன் உடம்பின் பாம்பு தன் உடம்பின் ஆட்டையே கடிப்பது 18ஆம் நூற்றாண்டின் கை வேலை. உண்மையான ஒட்டு வேண்டுமென்றால் அங்கே இருக்கிறது.

5 ஒக்டோபர், இரவு 10.20

செப்டெம்பர் 12ஆம் திகதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒட்டுப்போட்ட மீன் என்பதை.

இரண்டு கிழமையாக வாசித்துக்கொண்டிருந்தேன். 2014இல் ஆனைமீனின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். முன்னின்று செய்தது சிங்கப்பூர் ஆய்வகம் ஒன்று, தலைமை தாங்கியவர் பைரப்பா வெங்கடேஷ். முதுகெலும்பிகளில் அதுவரை பார்த்தவற்றுள் மிக மெதுவாக மாறிய தொகுதி இதுதான் என்று கண்டார்கள். உயிருள்ள புதைபடிவம் என்று எல்லோரும் சொல்லும் சீலகந்த் மீனை விடவும் மெதுவாக. குருத்தெலும்பை எலும்பாக்கும் ஒரு மரபணுக் குடும்பம் இதில் இல்லை என்பதும் அதில்தான் தெரிய வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நெற்றிப் பல் ஆய்வில் ஒப்பிடுவதற்கு எடுத்தது ஹெலோடஸ் என்ற பழைய உறவு. வயது 31 கோடி ஆண்டுக்கு மேல். அதற்கும் நெற்றிக் கொளுக்கியும் பல்லும் இருந்திருக்கிறது. எலியும் முயலும் உலகில் தலைகாட்டியது டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டித்தான், அதாவது ஏறத்தாழ 6 கோடி ஆண்டு. யானை அதற்கும் பிந்தி. எலி பிறப்பதற்கு முன்பே நூல் வாலோடு நீந்திக்கொண்டிருந்த குலத்துக்கு எலியின் வால் எப்படி வரும்? எங்கள் கண் எலியை முதலில் பார்த்துவிட்டது, அவ்வளவுதான். நான் 1991இல் தூக்கியது நாலு மிருகத்தின் துண்டு இல்லை, ஆதியிலிருந்து ஒன்றாகவே வந்த ஓர் உடம்பு.

5 ஒக்டோபர், இரவு 11.05

மேலே எழுதியதில் ஓர் ஓட்டை. "மெதுவாக மாறியது" என்றால் "மாறவே இல்லை" என்று எடுத்துவிடக் கூடாது. இந்தக் குலத்தின் பழைய உறவினரைப் பார்த்தால் தெரியும். ஹெலிகோப்ரியன் என்று ஒன்று இருந்தது, 27 கோடி ஆண்டுகளுக்கு முன். கல்லில் கிடைத்தது பல் மட்டும், வட்டரம்பம் மாதிரிச் சுருண்ட பல்வரிசை. ரஷ்யாவில் கார்பின்ஸ்கி அதை 1899இல் விவரித்தார். அதை மீனின் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் மூக்கு நுனி, முதுகு, வால் என்று ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் வைத்து வரைந்தார்கள். ஐடஹோவில் கிடைத்திருந்த கல் ஒன்றை 2013இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் அது கீழ்த்தாடையின் நடுவில் இருந்தது என்று முடிவானது. உறவு சுறாவோடு அல்ல, கைமேராக்களோடு. இந்தக் குலத்தின் பல் வாயின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டதே இல்லை போலிருக்கிறது.

அந்த ரம்பப்பல்லைப் பல வருடம் வரைந்துகொண்டே இருந்தவர் அலாஸ்கா ஓவியர் ரே ட்ரோல். அவர் பெயரில் 2002இல் ஒரு நீலக் கைமேராவுக்கு ஹைட்ரோலாகஸ் ட்ரோலி என்று வைத்தார்கள். அதே இனம் என்று கருதப்படும் ஒன்றைக் கலிபோர்னியாக்காரரின் ஆழ்கடல் ரோபோ 2009இல் படம் பிடித்தது, 2016இல் வெளியிட்டார்கள். தேடிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு முன்னால் வந்து, மூக்கால் மண்ணைத் தொட்டு, சிறகடித்துத் திரும்பிப் போகும். பெட்டிக்குள் ஐஸில் கண்ட எனக்கு, அது நீந்துவதைக் கண்டபோது தொண்டை அடைத்தது.

11 ஒக்டோபர், இரவு 9.45

தமிழில் என்ன சொல்லலாம் என்று தம்பி கேட்டிருக்கிறார். பேய்ச்சுறா எனக்குப் பிடிக்கவில்லை. பேயும் இல்லை, சுறாவும் இல்லை. யாளிமீன் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். யாளி தூணில் நிற்கிற ஆள், கடலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

நான் மகரம் என்ற இடத்தில் நின்றேன். கோவில் தோரணத்தில் சிற்பி செதுக்கும் மகரத்துக்கு யானைத் துதிக்கை, முதலை வாய், மீன் உடம்பு. கடலுக்குரிய கலப்பு மிருகம் அது. அந்த வடசொல்லைத் தமிழில் சுறா என்றே எடுத்திருக்கிறோம். காமனின் மகரக்கொடி தமிழில் சுறவக்கொடி. மகர ராசிக்குச் சுறவம் என்று பெயர்.

இப்போது அதே ராசியை மேற்கில் பாருங்கள். முன்பாதி வெள்ளாடு, பின்பாதி மீன். பாபிலோனியர் காலத்திலிருந்து அது ஆட்டுமீன். கிமைரா என்றால் ஆடு, மகரம் என்றால் சுறா, இரண்டும் வானத்தில் ஒரே இடத்தில். நான் எதையும் வளைக்கவில்லை, இருந்ததை இருந்தபடி பக்கத்தில் வைத்தேன். எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மகரச்சுறா என்று வைப்போமா?

12 ஒக்டோபர், காலை 6.50

வேண்டாம். மகரமே சுறா என்றால் மகரச்சுறா சுறாச்சுறா ஆகிவிடும். தவிர 13 செப்டெம்பர் அன்று சுறா இல்லை என்று அவ்வளவு எழுதிவிட்டு, ஒரு மாதம் கழித்து நானே சுறா ஆக்குகிறேன். மகரமீன் என்றால் பொருந்தும். ஆனால் மகரமும் துண்டு துண்டாகச் சேர்த்ததுதானே. 5ஆம் திகதி எழுதியதோடு அது ஒத்துப்போகவில்லை. இன்னும் யோசிக்கிறேன்.

19 ஒக்டோபர், மாலை 7.30

எங்கள் பக்கத்துக் கடலில் உண்டா என்று கேட்டவருக்கு: பாக்கு நீரிணையில் தேடாதீர்கள், ஆழம் போதாது. இந்த இனங்களில் பெரும்பாலானவை இருநூறு மீட்டருக்குக் கீழேதான். கேரளத்தின் ஆழ்கடல் படகுகள் நீள்மூக்குக் கைமேராவைக் கொச்சியில் இறக்கியதுண்டு. மூக்கு கத்தி மாதிரி நீண்டிருக்கும்.

இனங்கள் இன்னும் கண்டுபிடித்து முடியவில்லை. நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் (Chatham) என்ற கடலடி மேட்டில் 2022இல் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சு ஒன்று 1,200 மீட்டர் ஆழத்திலிருந்து வலையில் வந்தது. உடம்பு கண்ணாடி மாதிரி, வயிற்றுக்குள் மஞ்சட்கரு அப்படியே தெரியும். 2024இல் அதே கடலில் ஒரு புதிய இனத்தை அறிவித்தார்கள்: ஹாரியோட்டா அவியா. அவியா என்றால் லத்தீனில் பாட்டி. கண்டறிந்த பிரிட்டனி ஃபினுச்சி தன் பாட்டியின் நினைவாக வைத்தார். மொன்ஸ்ட்ரோசா என்று தொடங்கி 266 ஆண்டில் பாட்டி வரை வந்திருக்கிறது.

கவலை ஒன்று சொல்ல வேண்டும். இவை தோல் உறைக்குள் முட்டையைக் கடலடியில் வைக்கின்றன, பொரிக்க அரை வருடம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். அந்த நிலத்தை இழுவை வலை ஒருக்கால் உழுதுவிட்டுப் போனால் என்ன மிஞ்சும்? எங்கள் பெட்டிகளில் வந்தவற்றை நாங்கள் எண்ணியதுகூட இல்லை. கழிவுத் தொட்டிக்குள்தான் போயின. நான் போட்டவையும் அதில் அடக்கம்.

2 நவம்பர், மதியம் 2.15

பேத்திக்கு ஏழு வயது. இந்த இழைக்காக எடுத்து வைத்த படங்களைப் பார்த்துவிட்டுக் கைமேராவை வரைந்தாள். கண்ணுக்கு இரண்டு பச்சை தேய்த்தாள். வாலுக்குத் தாள் போதவில்லை. பின்பக்கம் திருப்பி அங்கேயும் கொண்டுபோய் முடித்தாள். நெற்றிக் கொளுக்கியை வைத்துவிட்டு, பல் எத்தனை என்று என்னிடம் கேட்டாள். ஏழெட்டு வரிசை என்றேன். குத்திக் குத்தி வைத்தாள்.

பிறகு முகத்தில் கோடுகள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம், கோட்டின் மேல் இடையிடையே கறுப்புப் புள்ளி. தையலுக்கு ஏனம்மா இத்தனை நிறம் என்று கேட்டேன்.

"இது தையல் இல்லை அப்பப்பா, மெட்ரோ ரூட்" என்றாள். "இந்தப் புள்ளியில இறங்கினா நண்டு."

பெயர் எழுத மேலே இடம் விட்டு வைத்திருக்கிறாள். தம்பி, உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.